எட்டாம் நம்பர் குழந்தை

அந்த அரை மாத்திரையை அவள் விழுங்கினாளா, இல்லையா? போன வாரம் முழுக்க எனக்கு வந்த கடிதங்களில் இதே கேள்விதான். ‘தயவுசெய்து விழுங்க விடாதீர்கள்’ என்று ஒரு வாசகி உத்தரவே போட்டிருக்கிறார். நான் என்னம்மா செய்ய? விழுங்கிவிட்டாள்.

காலை ஏழே முக்கால் மணிக்கு, சமையலறை மேடையோரம் நின்றுகொண்டு, நாத்தனார் நீட்டிய டம்ளர் தண்ணீரில் விழுங்கினாள்.

“மொத்தம் நாலு அரை. ரெண்டு நாள்ல பால் நின்னுடும். மார்ல கட்டிக்கிட்டா ஈரத்துணி போட்டுக்கோ” என்றாள் நாத்தனார். மருந்துக்கடையில் பதினெட்டு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். எதையும் கடைக்காரத் தோரணையில்தான் சொல்வாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. நம் கதாநாயகி அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அதனால் வீட்டில் அவளுக்கு ‘ப்ரூஃப்’ என்றே பெயர். மூன்று மாதத்தில் ஒரு பிள்ளை. பொடியன் என்று கூப்பிடுகிறார்கள். கணவன் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். குழந்தைகள் குடிக்கிற பாலை ஆராய்வதுதான் அங்கே வேலை. கல்யாணமே செய்துகொள்ளாமல் அவனை வளர்த்து ஆளாக்கிய அக்காதான் நாத்தனார்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தராசில் பொடியனை நிறுத்து, ஐந்து வாரம் முன்னால் ஆஸ்பத்திரி அட்டையில் எழுதிய எடையோடு ஒத்துப் பார்த்தார்கள். ஐந்து வாரத்தில் நூறே நூறு கிராம்தான் ஏறியிருந்தான். அன்றைக்கே கணவன் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அவன் வேலை செய்கிற இடத்து ஆராய்ச்சித் தாள். புரதம் செரிக்கும் அளவு: தாய்ப்பால் நூற்றுக்கு எண்பத்தாறு, டின் பால் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. “நான் எதுவும் சொல்லல. நீயே பாத்துக்கோ” என்றான். அவளும் பார்த்தாள், அழுதாள். நான்கு நாள் யோசித்துவிட்டு இன்றைக்கு விழுங்கிவிட்டாள்.

அந்தத் தாளின் அடியில் ‘பக்கம் 1 / 3’ என்று அச்சாகியிருந்தது. அச்சகத்தில் என்றால் மீதி இரண்டு பக்கம் எங்கே என்று ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். கட்டினவன் கொடுத்த தாள் என்பதால் ப்ரூஃப் பார்க்கத் தோன்றவில்லை.

பொடியன் சிணுங்க ஆரம்பித்தான். அவள் கை தானாகவே மேல் பொத்தானுக்குப் போனது.

“வேண்டாம்” என்றாள் நாத்தனார். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். நான் கலக்கறேன், கொண்டா.”

வெந்நீர், ஸ்பூன், பவுடர். நாத்தனார் புட்டியைக் குலுக்கி மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பொடியன் நிப்பிளை நாக்கால் தள்ளினான், முகத்தைத் திருப்பினான், அம்மாவைத் தேடினான். பிறகு பசி ஜெயித்தது. அவன் குடிக்கிற சத்தத்துக்கு இங்கே இவளுக்கு மார்பு கனத்து, ரவிக்கை நனைந்தது. துண்டை இழுத்து மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

“என்ன கனம் கனக்கறான்! எடை மெஷின்ல மட்டும் ஏன்தான் ஏற மாட்டேங்குதோ” என்று முணுமுணுத்தாள் நாத்தனார். “சட்டைகூடப் பொத்தான் போட முடியல பாரு.”

“துவைச்சுச் சுருங்கியிருக்கும்க்கா.”

“இருக்கும், இருக்கும்.”

பெற்றவளும் வளர்க்கிறவளுமாக இரண்டு பேர். கையில் கனக்கிற பிள்ளையை விட்டுவிட்டு மெஷினை நம்பினார்கள். எனக்கு எழுதும்போதே ஆத்திரம் வருகிறது.

பதினொரு மணிக்கு வாசல் மணி அடித்தது. நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தால் தலை நரைத்த ஓர் ஆள், கையில் நீல மூடி போட்ட ஐஸ் பெட்டியோடு நின்றார்.

“எட்டாம் நம்பர் வீடு இதானேம்மா?”

“இல்லையே, இது இருபத்தி மூணு.”

“வீட்டு நம்பர் இல்லம்மா, குழந்தை நம்பர்.” அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். “லேப் வண்டி டிரைவர் நான். எப்பவும் சாரே காலையில டப்பாவைக் கொண்டுவந்துடுவார். இன்னிக்கு அவர் மீட்டிங்ல மாட்டிக்கிட்டார். டின் பால் ஆரம்பிச்ச முதல் நாளாமே, டயப்பர் மத்தியானத்துக்குள்ள வந்தாகணும்னு மேடம் அனுப்பினாங்க.”

“என்ன டயப்பர்?”

“குழந்தையோடதும்மா. பத்து நாளா உங்க பால் குடிச்சது வந்துடுச்சு. இனிமே டின் பால் குடிச்சது வேணும்.”

ப்ரூஃப் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து நாளாக அழுக்கு டயப்பரை அவள் தூக்கிப் போடவே இல்லை. வீட்டில் இருக்கும்போது கணவன்தான் மாற்றினான். அவன் ஆபீஸில் இருக்கும்போது அவள் மாற்றியதையும் ‘மூடி போட்ட வாளியில போட்டு வை, நான் பாத்துக்கறேன்’ என்றான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அச்சகத்துத் தோழிகளுக்குப் போன் போட்டு, ‘டயப்பர் எடுக்கற புருஷன் எத்தனை பேருக்குடி கிடைப்பான்?’ என்று பீற்றிக்கொண்டாள். அவர்களும் வயிறெரிந்தார்கள்.

தராசும் அப்படித்தான். பால் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, குடித்த பின்னால் ஒரு தடவை பொடியனை நிறுத்து நோட்டில் எழுத வேண்டும் என்றான். பிள்ளை மேல் என்ன அக்கறை என்று அவளே சலிக்காமல் எழுதிவந்தாள். எவ்வளவு பால் உள்ளே போனது என்பது அவள் கையெழுத்தில் இருக்கிறது. எவ்வளவு வெளியே வந்தது என்பதை அவன் வாளியில் தூக்கிப் போயிருக்கிறான்.

“இந்தாங்க, இதையும் கொடுக்கச் சொன்னாங்க.” டிரைவர் ஒரு கவரை நீட்டினார். “அம்மா கையெழுத்து மட்டும் பாக்கியாம். சார் கொண்டுவரேன் கொண்டுவரேன்னு பத்து நாளா இழுத்துட்டாராம்.”

கவருக்குள் பிள்ளையை ஆராய்ச்சியில் சேர்க்க ஒரு சம்மதப் படிவம். அப்பா கையெழுத்து இருந்தது. அதன் கீழ் எழுதிய நாள், பத்து நாள் முன்னால். அதற்கும் கீழே அச்சிட்ட ஒரு வரி: ‘தாய் தன் விருப்பப்படி தாய்ப்பாலை நிறுத்தும் நாள்.’ அதற்கு எதிரே கணவனின் கோழிக்கிறுக்கலில் ஒரு தேதி.

இன்றைய தேதி.

மற்றவர்கள் என்றால் கையெழுத்து இடத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இவள் தேதிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள். மறுபடி பார்த்தாள். எடையை ஒத்துப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. தாள் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்குத்தான். இந்தத் தேதியை அவன் எழுதியது அதற்கும் ஆறு நாள் முன்னால். பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்று தெரிவதற்கு முன்பே, அவள் பால் நிற்கும் நாள் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

“உங்க வண்டி லேப்புக்குத்தானே போகுது?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. டயப்பர்?”

“டயப்பரோட பிள்ளையே வரான். இருங்க, துணி மாத்திக்கறேன்.”

பரிசோதனைக்கூடம் என்றதும் பெரிதாக எதையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது தளம், நீளமாக ஒரு தாழ்வாரம், இரண்டு பக்கமும் குளிர்பெட்டிகள். ஒவ்வொன்றின் கதவிலும் ஒரு நம்பர் சீட்டு. கடைசிப் பெட்டியில் ‘8’ என்று இருந்தது. அதைத் தாண்டும்போது பொடியனின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள். அவனுக்கு என்ன புரியும்? இருந்தாலும் மறைக்கத் தோன்றியது.

டிரைவர் சொன்ன மேடம்தான் லேப்பின் தலைவி, ஐம்பது வயது இருக்கும். எழுந்து நாற்காலி போட்டாள். “நீங்களே வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது. ஒரு கையெழுத்துதான்.”

“கையெழுத்து அப்புறம். முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க மேடம். என் பால் செரிக்கலையா?”

மேடம் பேனாவை மூடி வைத்தாள். “யார் சொன்னா?”

ப்ரூஃப் கைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். மேடம் அதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“ரெண்டாம் பக்கம் எங்கே?”

“அதைத்தான் நானும் கேக்கணும்.”

மேடம் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். “பாருங்கம்மா. குழந்தை குடிச்ச புரதம் எவ்வளவு, டயப்பர்ல வந்தது எவ்வளவுன்னு பாக்கறோம். உள்ள போனதுல வெளியில வந்ததைக் கழிச்சா, உடம்புல சேர்ந்தது. அந்தக் கணக்குலதான் தாய்ப்பால் எண்பத்தாறு. ஆனா வெளியில வந்தது எல்லாமே செரிக்காத குறை இல்ல. தாய்ப்பால்ல சில புரதம் செரிக்கக் கூடாதுன்னே இருக்கு. குடல் முழுக்க ஓடி, கிருமி ஒட்டாம காவல் காத்துட்டு, அப்படியே வெளியில வரும். அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துட்டுப் பாத்தா, தாய்ப்பால் தொண்ணூத்தி நாலு. டின் பால் தொண்ணூத்தி மூணு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். டின் பால் குடிச்சாலும் பிள்ளை வளரும். ஆனா அந்தக் காவல் டின்ல இல்ல.”

“இது ரெண்டாம் பக்கமா?”

“ரெண்டாம் பக்கம். எழுதினது உங்க வீட்டுக்காரர்தான். நல்லா எழுதியிருக்கார்.”

நல்லா எழுதியிருக்கார்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அழுகையும் கூட வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“மூணாம் பக்கம்?”

மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் காட்டினாள். தாய்ப்பாலிலிருந்து டின் பாலுக்கு மாறும் எட்டுக் குழந்தைகள் வேண்டும். ஒரே குழந்தையின் முன்னும் பின்னும் பார்த்தால்தான் ஆராய்ச்சி முடியும். ஏழு கிடைத்துவிட்டது. எட்டாவது கிடைக்காமல் மூன்று மாதம் நின்றுபோயிருந்தது. “தானாவே பாலை நிறுத்தப் போற அம்மாக்களோட பிள்ளைங்களைத்தான் எடுப்போம். ஆராய்ச்சிக்காக யாரையும் நிறுத்தச் சொல்ல மாட்டோம். அது பாவம்மா. உங்க வீட்டுக்காரர், நீங்க வேலைக்குப் போறதால நிறுத்தறதா முடிவு பண்ணிட்டீங்கன்னு சொன்னார்.”

“எனக்குப் பால் நிக்கல மேடம். இதோ, இப்பக்கூட நனைஞ்சிருக்கு.” துண்டை விலக்கிக் காட்டினாள். வெட்கப்படவில்லை. “காலையில அரை மாத்திரை போட்டுக்கிட்டேன். இந்த முதல் பக்கத்தைப் பாத்துட்டுத்தான் போட்டுக்கிட்டேன்.”

மேடம் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் எட்டாவது வரியை அடித்தாள்.

“பால் திரும்ப வருமா மேடம்?”

“நான் டாக்டர் இல்லம்மா. இன்னிக்கே போய்க் கேளுங்க. அடுத்த மாத்திரை போடாதீங்க.” ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாள். “உங்ககிட்ட கேக்காமலே இதெல்லாம் நடந்துச்சுன்னு உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. அது இல்லாம நான் அவர் மேல எதுவும் பண்ண முடியாது. எழுதிக் கொடுத்தா அவருக்கு இங்க வேலை இருக்காது. யோசிச்சு எழுதுங்க.”

அந்த மூன்று பக்கத்தின் நகலோடு வெள்ளைத்தாளையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் கணவன் எதிரே வந்தான். மீட்டிங் முடிந்த முகம். அவளைப் பார்த்ததும் அந்த முகம் போன இடம் தெரியவில்லை.

“நீ எங்க இங்க?”

“எட்டாம் நம்பர் டயப்பர் கொண்டுவந்தேன்.”

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். “மெதுவாப் பேசு. நான் என்ன பொய் சொன்னேன்? முதல் பக்கத்துல இருக்கறது பொய்யா? சொல்லு, பொய்யா?”

“இல்ல.”

“அப்புறம்? டின் பால் குடிச்சு எந்தப் பிள்ளை கெட்டுப்போச்சு? எப்படியும் திங்கக்கிழமை நீ வேலைக்குப் போகணும். எப்படியும் நிறுத்தத்தான் போற. ரெண்டு மாசம் கழிச்சு நிறுத்தறதை இப்பவே நிறுத்தினா என்ன? மூணு வருஷ வேலை. ஒரே ஒரு குழந்தை இல்லாம நிக்குது. முடிஞ்சா நான் இந்தப் பிரிவுக்கே பொறுப்பு. யாருக்காகப் பண்றேன் இதெல்லாம்?”

“டின் பால் மேல எனக்கு என்னங்க கோபம்? பால் இல்லாதவ குடுக்கறா, நேரம் இல்லாதவ குடுக்கறா, அது அவங்க பாடு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்ப.”

“அதுக்குத்தானே கேக்கறது.”

அவன் பொடியனின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினான். அவள் பிள்ளையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். நான்கு நாளாக நடுராத்திரியில்கூட எழுந்து தன் மார்பைத் தானே திட்டிக்கொண்டு அழுதாளே, அப்போது பக்கத்தில் படுத்து முதுகைத் தடவிக் கொடுத்தவன் இவன்தான். அந்தக் கையை நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது.

வழியில் டாக்டரைப் பார்த்தாள். “அடிக்கடி குடிக்க விடுங்க, ரெண்டு நாள் பாக்கலாம். இப்பவே எதையும் உறுதியாச் சொல்ல மாட்டேன்” என்றார் அவர். வீடு திரும்ப நாலரை ஆகிவிட்டது.

நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து புட்டிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். “எங்க போன? போனையும் வச்சிட்டுப் போயிட்ட. ரெண்டாவது அரை...”

ப்ரூஃப் மூன்று பக்கத்தையும், அந்தப் படிவத்தையும் அவள் மடியில் போட்டாள்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். மருந்துச் சீட்டு வாசிக்கிற பழக்கம். விரலால் வரி வரியாகத் தொட்டு வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. மூன்றாம் பக்கத்தில் வாய் லேசாகத் திறந்தது. படிவத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

“பத்து நாள் முன்னாடி கேட்டான். பால் நிறுத்தற மாத்திரை உன் கடைக்கு எப்ப வரும்க்கான்னு. ஆபீஸ்ல யாருக்கோன்னு சொன்னான். அடுத்த வாரம் புதன்கிழமை வரும், வியாழக்கிழமை எடுத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்.” இன்றைக்கு வியாழக்கிழமை. “பதினெட்டு வருஷத்துல டாக்டர் சீட்டு இல்லாம ஒருத்தருக்கும் கொடுத்ததில்ல. என் தம்பி மறுபடி வந்து உனக்குன்னு கேட்டானேன்னு கொடுத்தேன். என் கையாலயே கொடுத்தேன்.”

“உங்களுக்குத் தெரியாதாக்கா?”

“தெரிஞ்சிருந்தா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. “பிள்ளைக்கு எடை ஏறலைன்னு பாத்ததும் பயந்துட்டேம்மா. அந்த பயத்துலதான் ஞாயித்துக்கிழமை உன் மேல எரிஞ்சு விழுந்தேன்.”

எடை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூலையில் இருந்த தராசைப் பார்த்தார்கள்.

அது அவன் லேப்பிலிருந்து கொண்டுவந்தது. அதன்மேல் குழந்தையைப் படுக்கவைக்கிற பிளாஸ்டிக் தட்டு. தட்டின் விளிம்பில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘தட்டு 900 கிராம்.’ பிள்ளையைத் தட்டோடு நிறுத்து, அதில் தொள்ளாயிரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். பத்து நாளாக அப்படித்தான் கழித்துவந்தார்கள். குடிப்பதற்கு முன்னும் கழித்தார்கள், பின்னும் கழித்தார்கள். அதனால் குடித்த பாலின் அளவு சரியாகவே வரும். அவன் ஆராய்ச்சிக்கு ஒரு கெடுதலும் இல்லை.

“தட்டைத் தனியா வச்சுப் பாத்திருக்கோமா?” என்றாள் ப்ரூஃப்.

“இல்லையே.”

நாத்தனார் எழுந்து போய்த் தட்டை எடுத்து, துண்டை உதறி, தராசைப் போட்டாள். பூஜ்யம் வந்ததும் வெறும் தட்டை அதன்மேல் வைத்தாள். எண் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது.

முந்நூறு.

மறுபடி எடுத்து மறுபடி வைத்தாள். அதே முந்நூறு. அறுநூறு கிராம் பிள்ளையை அந்தச் சீட்டு தின்றிருக்கிறது. பொடியன் ஐந்து வாரத்தில் நூறு கிராம் ஏறவில்லை, எழுநூறு ஏறியிருக்கிறான். கையில் கனத்ததும் நிஜம், சட்டை பற்றாததும் நிஜம். ஒரு குறையும் இல்லாத பாலுக்குத்தான் காலையில் அவள் மாத்திரை விழுங்கியிருக்கிறாள்.

ப்ரூஃப் தரையிலேயே உட்கார்ந்து பொத்தானைக் கழற்றினாள். பொடியன் ஆவலாகப் பற்றினான், இழுத்தான், விட்டான், அழுதான், மறுபடி பற்றினான். வருகிறதா, வரவில்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் அந்த வெள்ளைத்தாள் மடித்தபடியே கிடந்தது.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

முப்பது வருஷமாக அந்தச் சத்தமோ, அதற்கு முன்னால் சைக்கிள் மணியோ, அதற்கும் முன்னால் பள்ளிக்கூடப் பையின் சத்தமோ கேட்டால் நாத்தனார்தான் எழுந்து போய்க் கதவைத் திறப்பாள். இன்றைக்கும் எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். மேல் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

“அக்கா? கதவைத் திறக்கா” என்றது வெளியிலிருந்து குரல்.

நாத்தனார் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் கடையில் பேசுகிற அதே குரலாக இருந்தது.

“தட்டை எடை போட்டுட்டோம், தம்பி.”